ஏன் ஆறவில்லை?

கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அறுவை சிகிச்சையில் கையைச் சீர்செய்து அனுப்பிய சிலர், விரலில் ஒரு துண்டு குறைந்து திரும்பி வந்தார்கள். ராத்திரி படுக்கும்போது இருந்த விரல், காலையில் பாதி. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. எலி! தூங்குபவருக்கு வலிக்காது என்பதால் அது நிதானமாகக் கொறித்துவிட்டுப் போயிருக்கிறது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

பூனையை யாரும் மருந்துச் சீட்டில் எழுதமாட்டார்கள். ஆனாலும் அந்தப் புண்ணுக்கு அதுதான் சிகிச்சை. எவ்வளவு உயர்ந்த களிம்பைத் தடவியிருந்தாலும் மறுநாள் இரவும் எலி வந்திருக்கும். தொழுநோய் சதையை அரித்துத் தின்பதில்லை, வலியுணர்வைப் பறித்துவிடுகிறது. மீதியை நெருப்பும் ஆணியும் எலியும் பார்த்துக்கொள்கின்றன என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார். இன்று அதே வேலையைச் சர்க்கரை நோய் செய்துகொண்டிருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. பாதம் மரத்துப்போனவர் சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவருவார். கொப்புளம் வந்ததை வீட்டுக்கு வந்து யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்வார். வெந்நீர் ஒத்தடத்தில் கால் வெந்துபோனவர்களும் உண்டு. எலியும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கட்டைச் சுத்தமாக மாற்றத் தெரிந்த செவிலியர்களுக்கு நம் மருத்துவமனைகளில் பஞ்சமில்லை. இந்த அத்தியாயம் அதற்கு அடுத்த படியைப் பற்றியது. 'இந்தப் புண்ணுக்கு எதைப் போடலாம்?' என்று கேட்பவர் நல்ல செவிலியர். 'இது ஏன் இன்னும் ஆறவில்லை?' என்று முதலில் கேட்பவர் அடுத்த படிக்கு வந்துவிட்டார். புது டிரெஸ்ஸிங் வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கும் இந்தப் படிக்கும் அதிகச் சம்பந்தமில்லை.

பட்டம் வந்தால்தான் தொடங்க முடியும் என்றும் இல்லை. காயப் பராமரிப்பிலும், ஆஸ்டமி எனப்படும் வயிற்றுத் திறப்பின் பராமரிப்பிலும் இன்று உலகமெங்கும் தனிச்சிறப்புப் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூத்தவர் நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் செவிலியரே அல்ல, நோயாளி. குடல் நோய்க்காக வயிற்றில் ஆஸ்டமி வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் சுற்றியிருந்த தோலைப் பாதுகாக்கத் தானே வழி கண்டுபிடித்து, மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். கிளீவ்லேண்டில் அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் அவரையே 1958இல் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். பயிற்சிப் பள்ளி அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி டிரெஸ்ஸிங் அறைக்குள் போகலாம். ஐம்பத்தைந்து வயதுக் கொத்தனார் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாகச் சர்க்கரை. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, நான்கு மாதமாக ஒரு புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு, நடுவில் இரண்டு முறை ஆன்டிபயாடிக். குறையவில்லை. வழக்கமான டிரெஸ்ஸிங் அறையில் அவர் மேசைமேல் காலை நீட்டுவார், பத்து நிமிடத்தில் கட்டு மாறும், அடுத்தவர் வருவார். தேர்ந்த செவிலியரிடம் உரையாடல் வேறுமாதிரி தொடங்கும்.

"ஐயா, அந்தச் செருப்பைக் கொஞ்சம் எடுங்க, பார்க்கலாம்."

"செருப்பா? புண்ணு கால்ல இருக்கு சிஸ்டர்."

"தெரியுதுங்கய்யா. செருப்பு எங்க தேஞ்சிருக்குன்னு பார்க்கணும். வேலைக்குப் போறப்பவும் இதுதானா?"

"சாரத்துல ஏறுறப்ப வெறுங்காலுதான். செருப்பு போட்டா வழுக்கிடும்ல."

நான்கு மாதமாகக் கேஸ் ஷீட்டில் ஏறாத காரணம் நான்கே வரியில் கிடைத்துவிட்டது. மூங்கிலின் மேல் உடம்பின் பாரம் முழுவதும் எந்த இடத்தில் இறங்குகிறதோ, அதே இடத்தில் புண். சுற்றிலும் மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. அந்தக் காய்ப்பே ஒரு சாட்சி: அங்கே அழுத்தம் விழுகிறது, அவருக்கு அது தெரியவில்லை. வீட்டில் என்ன தடவினார் என்றும் கேட்க வேண்டும். காபித்தூள், மஞ்சள், பற்பசை என்று பதில் வரலாம். கோபப்பட்டால் அடுத்த முறை உண்மை வராது.

மரத்துப்போயிருக்கிறதா என்பதை 10 கிராம் மோனோஃபிலமெண்ட் சொல்லும். எளிய நைலான் இழை. ஆனால் அதைத் தப்பாகப் பயன்படுத்துபவர்களே அதிகம். முதலில் நோயாளியின் கையில் தொட்டுக்காட்டி, உணர்வு எப்படி இருக்கும் என்று புரியவைக்க வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரல் நுனியிலும், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே உள்ளங்காலில் புடைத்திருக்கும் எலும்பு முனைகளிலும் இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி எடுக்க வேண்டும். புண்ணின் மேலோ காய்ப்பின் மேலோ வைக்கக் கூடாது. ஒவ்வோரிடத்திலும் மூன்று முறை கேட்டு, அதில் ஒருமுறை தொடாமலே 'இப்ப தெரியுதா?' என்று கேட்க வேண்டும். பலர் சிஸ்டர் மனம் கோணாதிருக்க எல்லாவற்றுக்கும் 'தெரியுது' என்பார்கள்! இழையும் களைத்துப்போகும். ஒரே நாளில் 10 முதல் 15 பேரைப் பார்த்தபின் அதற்கு 24 மணிநேர ஓய்வு வேண்டும். 70 முதல் 90 பேருக்குப் பிறகு மாற்றிவிட வேண்டும் என்பது சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் பரிந்துரை. வருடக்கணக்கில் ஒரே இழை டிராயரில் கிடக்கும் அறைகளில், அந்தச் சோதனை முடிவை எந்த அளவுக்கு நம்புவது?

அடுத்தது இரத்த ஓட்டம். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறம் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பது தினப் பழக்கமாக வேண்டும். கையடக்க டாப்ளர் இருந்தால் கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து விகிதம் பார்க்கலாம். 0.9க்குக் கீழே வந்தால் இரத்தக்குழாய் அடைப்பை நினைக்க வேண்டும். இதில் சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு பொறி இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிய குழாயை இரத்த அழுத்தப் பட்டையால் நசுக்க முடியாது. அதனால் விகிதம் 1.3க்கு மேலே போய், 'அருமையான ஓட்டம்' என்று பொய் சொல்லும். உண்மையில் அந்தக் கால் பட்டினி கிடக்கலாம். அங்கே பெருவிரலின் அழுத்தத்தை அளப்பதே நம்பகமானது. இந்த ஒரு விஷயம் தெரிந்த செவிலியர், ஆறவே வாய்ப்பில்லாத புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். இரத்தநாள அறுவை மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவார்.

நம் கொத்தனாருக்கு நாடி நன்றாகவே துடிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் எதுவும் இல்லை. அப்படியானால் ஆன்டிபயாடிக் எதற்கு? கிருமி எந்தப் புண்ணின் மேலும் இருக்கும். 'ஸ்வாப்' எடுத்து அனுப்பினால் ஏதாவது ஒரு பெயர் வரத்தான் செய்யும். அழற்சியின் அறிகுறிகள் குறைந்தது இரண்டாவது தெரிந்தால்தான் தொற்று என்று கொள்ள வேண்டும். இவருக்கு வேண்டியது மாத்திரை அல்ல, அந்த இடத்திலிருந்து பாரத்தை இறக்குவது.

பாரம் இறக்கும் சிகிச்சையின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. பாதத்தோடு ஒட்டி அச்சுப்போல் போடப்படும் மாவுக்கட்டு, இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்ப் புண்களுக்காகத் தொடங்கியது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அது அங்கே பரவலாயிற்று. பிறகு உலகம் முழுவதும் சர்க்கரைப் புண்ணுக்குப் பயன்படத் தொடங்கியது. பாரம் பாதம் முழுவதும் பரவுவதால் புண்ணிருக்கும் இடம் தப்பிக்கிறது. டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 12 வாரத்தில் இந்த மாவுக்கட்டு போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் அணிந்தவர்களில் 65 சதவீதம், பாதிக்காலணி அணிந்தவர்களில் 58 சதவீதம்.

ஏன் இந்த வித்தியாசம்? அதே குழு 2003இல் நோயாளிகளின் இடுப்பிலும் பூட்ஸுக்குள்ளும் அடி எண்ணும் கருவிகளை வைத்துப் பார்த்தது. கழற்றக்கூடிய பூட்ஸை அவர்கள் நடந்த அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிட்டார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் வீடுகளில் இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று நோயாளிமேல் பழியைப் போடுவதற்கு முன் செவிலியர் இந்த 28ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. கழற்ற முடியாதபடி போட்டுவிடுவதும், வீட்டுக்குள் போடவென்றே இரண்டாவது ஜோடி எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கச் சொல்வதும் அறிவுரையைவிட வேலை செய்யும்.

மாவுக்கட்டு எல்லோருக்கும் ஆகாது. இரத்த ஓட்டம் குறைந்த காலிலும், தொற்று முற்றிய காலிலும் அது ஆபத்து. தப்பாகப் போட்டால் அதுவே புதிய புண்ணை உண்டாக்கும். பயிற்சி பெற்றவர் அருகில் இல்லையென்றால், புண்ணின் இடத்தில் துளை விட்டு வெட்டிய ஃபெல்ட் பட்டையைப் பாதத்தில் ஒட்டி, தகுந்த காலணியோடு கொடுப்பது அடுத்த வழி. இதற்கெல்லாம் முன்னே ஒரு கடினமான பேச்சு இருக்கிறது. கொத்தனார் சாரம் ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவர் மனைவியையும் உட்காரவைத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா, மேஸ்திரியிடம் யார் பேசுவது என்று விசாரிப்பதும் காயப் பராமரிப்புதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்லிவைத்தால் காலையும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

டிரெஸ்ஸிங் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காயத்தை உலர்த்தினால் ஆறும் என்ற பழைய நம்பிக்கையை 1962இல் ஜார்ஜ் வின்டர் அசைத்தார். பன்றிக் குட்டிகளின் தோலில் அவர் செய்த சோதனையில், பாலிதீன் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. ஈரம் வேண்டும், ஊறவும் கூடாது. ஹைட்ரோஜெல் முதல் ஃபோம், ஆல்ஜினேட் வரை எல்லாம் இந்த ஒரே நோக்கத்துக்காக வந்தவை. கழுவ நார்மல் சலைன் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும். வளர்ந்துவரும் செல்களும் அதில் சாகும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி புதிய பொருளோடு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தப் புண்ணில், எதோடு ஒப்பிட்டு, எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது என்பது.

கேஸ் ஷீட்டில் 'புண் நன்றாக உள்ளது' என்று எழுதுவதைத் தேர்ந்த செவிலியர் விட்டுவிட வேண்டும். 'ஒரு ரூபாய் அளவு' என்பதும் அளவல்ல. தலையிலிருந்து பாதம் வரையான திசையில் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், ஸ்டெரைல் குச்சியால் ஆழம், தோலுக்கடியில் குடைந்திருந்தால் கடிகார முள் கணக்கில் திசை. நோயாளியின் சம்மதத்தோடு, ஸ்கேல் பக்கத்தில் வைத்து, ஒரே தூரத்தில் படம். நம் கொத்தனாருக்கு முதல் நாள் 3 செ.மீ. நீளம், 2.4 செ.மீ. அகலம் என்றால் பெருக்கினால் 7.2. நான்கு வாரம் கழித்து 2.5க்கு 2, அதாவது 5. கண்ணுக்குச் சிறுத்துத்தான் தெரியும். எல்லோரும் 'ஆறிவருகிறது' என்பார்கள். ஆனால் பரப்பு குறைந்திருப்பது சுமார் 30 சதவீதம்தான்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு 2003இல் பீட்டர் ஷீஹன் குழுவினர் 203 சர்க்கரைப் பாதப் புண்களை வைத்துச் செய்த ஆய்வு பதில் சொல்கிறது. நான்கு வாரத்தில் ஏறக்குறைய பாதிக்குமேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம், 12 வாரத்துக்குள் முழுதாக ஆறின. அந்த அளவுக்குச் சுருங்காதவற்றில் ஆறியது 9 சதவீதமே. ஆகவே நான்காவது வாரம் ஒரு நிறுத்தம். பாதியாகவில்லையென்றால் அதே கட்டை ஐந்தாவது வாரமும் தொடரக் கூடாது. பாரம், ஓட்டம், தொற்று, சர்க்கரை, சாப்பாடு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கொத்தனாரின் 30 சதவீதம், அவர் இன்னும் சாரம் ஏறுகிறாரா என்று மறுபடி கேட்கச் சொல்கிறது.

கத்தி எடுக்கும் உரிமையைப் பற்றியும் பேச வேண்டும். காய்ப்பைச் சீவுவதும் செத்த திசுவை நீக்குவதும் பயிற்சியும் எழுத்துபூர்வமான அனுமதியும் பெற்றபின் செய்ய வேண்டியவை. எங்கே வெட்டக் கூடாது என்று தெரிவதே அதில் பாதித் திறமை. குதிகாலில் கருப்பாக, காய்ந்து, இறுகி, சுற்றிலும் சிவப்பில்லாமல் இருக்கும் பொருக்கு உடம்பே போட்டுக்கொண்ட மூடி. அதைப் பிரிக்கக் கூடாது. ஓட்டமில்லாத காலில் காய்ந்த கருமையையும் ஈரப்படுத்தக் கூடாது. ஊதா விளிம்போடு கடும் வலியெடுக்கும் சில புண்கள், வெட்ட வெட்டப் பெரிதாகும். அவற்றுக்குத் தோல் மருத்துவர் வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் மாதக்கணக்கில் ஆறாமல் விளிம்பு தடித்துப் புடைக்கும் புண்ணில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். அதற்கு டிரெஸ்ஸிங் அல்ல, பயாப்சி.

நாம் அடுத்த படி என்று சொன்ன மேம்பட்ட பணிக்கு இங்கிலாந்தில் நான்கு தூண்கள் என்று வகுத்திருக்கிறார்கள்: சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு. நம்மூரில் முதல் தூணிலேயே எல்லா நேரமும் போய்விடுகிறது. 'ஆய்வு' என்றதும் எம்.எஸ்சி. படிப்பவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் கட்டுரையைச் சரியாகப் படிக்கத் தெரிவதும் அதில் அடங்கும். ஓர் உதாரணம். ஸ்டெரைல் உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டால் கடினமாகத் தட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. தட்டினால் எலும்பில் தொற்று இருக்கலாம். 1995இல் கிரேசன் குழுவினர் செய்த ஆய்வில், தட்டியவர்களில் 89 சதவீதம் பேருக்கு எலும்புத் தொற்று இருந்தது. 2007இல் லேவரி குழுவினர் பார்த்தபோது அது 57 சதவீதம்தான். சோதனை அதேதான், ஆட்கள்தான் வேறு. முதல் ஆய்வில் தொற்று முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். இரண்டாவதில் வெளிநோயாளிகள், அவர்களிடம் எலும்புத் தொற்றே குறைவு. ஆனால் வெளிநோயாளிகளில் குச்சி தட்டாதவர்களில் 98 சதவீதம் பேருக்கு எலும்பு நன்றாக இருந்தது. ஆகவே மருத்துவமனை வார்டில் தட்டினால் கவலைப்பட வேண்டும், ஓ.பி.யில் தட்டவில்லையென்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம்.

தலைமையையும் கற்பித்தலையும் ஒரு நோட்டில் தொடங்கலாம். ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு வரி: வந்த தேதி, இடம், காரணம், முதல் அளவு, நான்காவது வார அளவு, ஆறிய தேதி அல்லது அனுப்பிய இடம். மூன்று மாதம் நிரம்பினால் அந்த அறையின் உண்மை தெரிந்துவிடும். காரணம் என்ற கட்டத்தில் எத்தனை வரி காலியாக இருக்கிறது? நான்காவது வாரத்தில் எத்தனை பேரை யாரும் அளக்கவே இல்லை? உள்ளங்கால் புண்களில் எத்தனை பேருக்குப் பாரம் இறக்க ஏற்பாடு நடந்தது? அறுவை மருத்துவர், சர்க்கரை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மாவுக்கட்டு டெக்னீஷியன் ஆகியோரை மாதம் ஒருமுறை அரைமணி நேரம் உட்காரவைக்க இந்த நோட்டுப் போதும். மாணவச் செவிலியர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அளவெடுப்பதை அவர்கள் பொறுப்பில் விட்டால், ஒரே புண்ணை இருவர் தனித்தனியாக அளந்து எண்களை ஒப்பிடும் பழக்கமும் வந்துவிடும். இரண்டு எண்களும் ஒத்துவராத புண்களை மூத்த செவிலியர் மூன்றாவது முறை அளந்து, எது ஏன் தவறியது என்று அந்த இருவருக்கும் காட்ட வேண்டும்.